கிணறும் குளமும் நெற்குவியலும் கொள்ளும் அளவு

நிலத்தின் பரப்பளவைக் கண்ணாற் பார்த்தே ஏறக்குறையச் சரியாகச் சொல்லக்கூடிய கமக்காரர் எம்மிடையே பலருளர். நாலு பரப்புக் காணியை ஐந்து பரப்பென்று அவர்கள் மயங்குவதில்லை. ஆயின், அதே கமக்காரரிடம் அவருடைய கிணற்றில் இன்று எத்தனை இலீற்றர் நீர் உண்டு, களத்திற் குவித்திருக்கும் நெல் எத்தனை புசல், குளத்தில் எஞ்சிய நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று வினவினால், விடை பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றது. இஃது அவருடைய அறிவின் குறையன்று. பரப்பளவு இரண்டு அளவுகளாலாயது. கொள்ளளவோ மூன்று அளவுகளாலாயது. கண்ணுக்கு ஓர் அளவே நன்கு புலப்படும். மற்றை இரண்டும் நீருக்குள்ளோ குவியலுக்குள்ளோ மறைந்து கிடக்கின்றன.

பரப்பளவிற் செய்த பிழை உழவன்றே தெரிந்துவிடும். கொள்ளளவிற் செய்த பிழை அவ்வாறன்று. வெங்காயம் குமிழ் பருக்கும் வேளையிற் கிணறு அடிதட்டும்போதும், நெல் குடலைப் பருவத்தில் நிற்கையிற் குளத்து நீர் துருசுக்குக் கீழே இறங்கும்போதுமே அது வெளிப்படும். அப்பொழுது செலவு முழுவதும் நிலத்திற் போடப்பட்டிருக்கும், செய்வதற்கு எதுவுமிராது. ஆதலின் நடுவதற்கு முன்னரே அளந்தறிய வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: ஓர் அளவுநாடா, கல் கட்டிய கயிறு, 200 இலீற்றர்ப் பீப்பாய் ஒன்று, கடிகாரம்.

கணக்குக்கு வேண்டிய எண்களும் சிலவே. ஒரு கனமீற்றர் 1,000 இலீற்றர் நீர் கொள்ளும். ஒரு கனவடி ஏறக்குறைய 28.3 இலீற்றர், அதாவது பழைய கணக்கில் ஆறேகாற் கலன் கொள்ளும். கிணறு வெட்டுவோர் இன்றும் அடியிற் பேசுகின்றனர். பம்பி விற்போர் இலீற்றரிற் பேசுகின்றனர். எந்த அளவையில் அளந்தாலும் குற்றமில்லை. ஒரே கணக்கில் அடியையும் மீற்றரையும் கலப்பதே குற்றம்.

கிணறு

வட்டக் கிணற்றின் நீரை அறிவதற்கு அதன் உள்விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளத்தல் வேண்டும். விட்டத்தை விட்டத்தாற் பெருக்கி, வந்ததை நீரின் ஆழத்தாற் பெருக்கி, அதனை 785 ஆற் பெருக்கினால் இலீற்றர் கிடைக்கும். இது மீற்றரில் அளந்தவர்க்கு. அடியில் அளந்தவர் 785 க்குப் பதிலாக 22 ஆற் பெருக்குக. சதுரக் கிணறாயின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, மீற்றராயின் 1,000 ஆலும், அடியாயின் 28.3 ஆலும் பெருக்குக.

உள்விட்டம் 4 மீற்றரும் நீரின் ஆழம் 3 மீற்றருமுள்ள கிணற்றை எடுத்துக்கொள்வோம். 4 ஐ 4 ஆற் பெருக்க 16. 3 ஆற் பெருக்க 48. 785 ஆற் பெருக்க 37,680. எனவே அக்கிணற்றில் ஏறக்குறைய 37,700 இலீற்றர் நீர் உண்டு. அடுத்த காணிக்காரரின் கிணறும் அதே ஆழத்தது, ஆனால் 3 மீற்றர் விட்டத்தது என்க. வேறுபாடு ஒரு மீற்றர்தானே என்று தோன்றும். கணக்கிட்டாலோ அதில் 21,200 இலீற்றரே உளது. விட்டம் கணக்கில் இருமுறை வருவதால், சிறிது அகன்ற கிணறும் நீரில் மிகுதியாக வேறுபடும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணக்கல்லைக் குடைந்து வெட்டிய கிணறுகளில் மேலே அகலமும் கீழே ஒடுக்கமுமாக இருப்பவை பல. அவற்றை மேலடுக்கு, கீழடுக்கு என இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கணித்துக் கூட்டல் வேண்டும். வாயில் அளந்த விட்டத்தை அடிவரைக்கும் கொண்டுசெல்வது தம்மைத் தாமே ஏமாற்றுவதாகும்.

இனி, இந்நீர் எவ்வளவு நிலத்துக்குப் போதும்? ஒரு பரப்பு என்பது ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு. அதாவது ஏறக்குறைய 253 சதுரமீற்றர். அதன்மீது ஓரங்குல நீர் நிற்கப் பாய்ச்சுவதற்கு 6,400 இலீற்றர் வேண்டும். மேலே கூறிய பெரிய கிணற்றை அடிவரை இறைத்தால் ஏறக்குறைய ஆறு பரப்புக்கு ஓரங்குலம் பாயும். ஆனால் கிணற்றை அடிவரை இறைப்பது தகாது. அதற்குரிய காரணம் பின்னர் கூறப்படும்.

கிணற்றிற் கிடக்கும் நீரிலும் பார்க்க அதனுள் ஊறிவரும் நீரே முதன்மையானது. கிடக்கும் நீர் பெட்டியிலுள்ள பணத்தை ஒக்கும். ஊற்று மாதவருமானத்தை ஒக்கும். ஊற்றை அளக்கும் முறை வருமாறு. காலையில் நீர்மட்டத்தைக் கயிற்றிற் குறித்துக்கொள்க. பம்பியை ஓட்டி ஒரு மீற்றர் ஆழம் இறங்கும்வரை இறைத்து நிறுத்துக. உடனே அம்மட்டத்தைச் சுவரிற் சுண்ணாம்பாற் குறித்து, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை சதமமீற்றர் ஏறுகின்றது எனப் பார்க்க. 4 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் ஒவ்வொரு சதமமீற்றரும் ஏறக்குறைய 125 இலீற்றர். எனவே 20 சதமமீற்றர் ஏறினால் ஊற்று மணித்தியாலத்துக்கு 2,500 இலீற்றர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது ஊற்று விரைவாக வரும்; பழைய மட்டத்தை அணுக அணுகத் தளர்ந்துபோகும். ஆகையால் முதலாவது மணித்தியாலத்தில் ஏறிய அளவே இறுதிவரையும் ஏறும் என்று எண்ணலாகாது. இரண்டாவது, மூன்றாவது மணித்தியாலங்களிலும் குறித்துவருதல் நன்று.

பம்பி எவ்வளவு இறைக்கின்றதென்பதைப் பீப்பாயாற் காணலாம். விற்பனைச் சீட்டில் எழுதியிருக்கும் அளவு உமது கிணற்றின் ஆழத்துக்கும் உமது குழாயின் நீளத்துக்கும் உரியதன்று. 200 இலீற்றர்ப் பீப்பாய் 40 விநாடியில் நிறையுமாயின், விநாடிக்கு 5 இலீற்றர். மணித்தியாலத்துக்கு 18,000 இலீற்றர். ஊற்றோ 2,500. இரண்டையும் ஒப்புநோக்குக. ஒரு மீற்றர் நீர், அதாவது 12,560 இலீற்றர், ஏறக்குறைய 49 நிமிடத்தில் இறங்கிவிடும். அந்நேரத்துள் ஊறியதையும் சேர்த்து 14,600 இலீற்றர் வெளியேறியிருக்கும். அது இரண்டேகாற் பரப்புக்கு ஓரங்குலம். இழந்த மட்டம் மீளுவதற்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். காலையும் மாலையும் இவ்வாறு இறைத்தால் நாளுக்கு நாலரைப் பரப்பு. நாலாம் நாளுக்கு ஒருமுறை பாய்ச்சும் பயிராயின் பதினெட்டுப் பரப்பு. ஒரு கிணற்றின் மெய்யான வலிமையைக் காட்டுவது இத்தகைய கணக்கேயாகும்.

ஆயினும் பதினெட்டுப் பரப்பையும் நட்டுவிடலாகாது. வாய்க்கால் குடிக்கும் நீரைக் கழிக்க வேண்டும். அதனையும் அளக்கலாம். வாய்க்காலின் கடைக்கோடியில் ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், அரை மீற்றர் ஆழமுள்ள குழியொன்று வெட்டிப் பொலித்தீன் விரித்து, நீரை அதனுள் விடுக. அது 500 இலீற்றர் கொள்ளும். பம்பியின் வாயில் விநாடிக்கு 5 இலீற்றர் வருமாயின் குழி 100 விநாடியில் நிறைய வேண்டும். 130 விநாடி செல்லுமாயின் நீரில் ஏறக்குறையக் காற்பங்கு வழியிலேயே போய்விட்டது. பதினெட்டுப் பரப்புப் பதினாலாகக் குறையும். மண்வாய்க்காலுக்குப் பதிலாகக் குழாய் இடுவது இலாபமோ நட்டமோ என்று வாதிப்போர் முதலில் இக்குழியை வெட்டிப் பார்த்தால் வாதம் தானாகவே முடிந்துவிடும்.

அளக்கும் மாதமும் கவனிக்கத்தக்கது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையாற் கிணறுகள் நிறைந்து நிற்கும். தை மாதத்திற் கண்ட ஊற்று ஆடியில் இராது. கோடைப் பயிரைத் திட்டமிடுவோர் முன்னைய ஆண்டின் கோடையில் அளந்து எழுதிவைத்த கணக்கையே நம்புதல் வேண்டும். அவ்வாறு எழுதிவைத்த கொப்பி இல்லாதோர் இவ்வாண்டு தொடங்குக.

கிணற்றை அடிவரை இறைத்தல் ஏன் தகாது எனின், குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. மழையாற் சுண்ணக்கல்லினுள் இறங்கிய நீர் பாரங்குறைந்ததாதலின், கீழேயுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போலத் தங்கியிருக்கின்றது. மேலேயுள்ள நன்னீரை மிகுதியாக இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் அவ்விடத்தில் மேலெழும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து பல அடி உவர் ஏறும் என்பதே இதிலுள்ள பேரிடர். ஒருமுறை உவரேறிய கிணறு மாரிமழை வந்தும் எளிதிற் திருந்துவதில்லை. புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணற்றை வற்றாத கிணறு என யாவரும் போற்றுவர். அக்கிணற்றிலும் மேல்நீரே நன்னீர். ஆழத்திற் செல்லச் செல்ல உவராகும். வற்றாத கிணறு உவராகாத கிணறென்று பொருளில்லை. ஆகவேதான் மேற்கண்ட கணக்கில் மூன்று மீற்றர் நீரில் ஒரு மீற்றரை மாத்திரம் எடுத்துக்கொண்டோம். கடற்கரையை அண்மித்த காணிகளில் அதனிலும் குறைவாக எடுத்தல் வேண்டும். நெடுநேரம் ஒரே மூச்சில் இறைப்பதைவிட இடைவிட்டு இறைப்பது பாதுகாப்பானது.

குளம்

வன்னியிலும் கிழக்கிலும் சிறுகுளங்களின் கீழ் வேளாண்மை செய்வோர் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பதென்று கன்னக் கூட்டத்தில் முடிவுசெய்கின்றனர். அக்கூட்டத்திற் குரலுயர்த்திப் பேசுவோரின் கருத்தே சிலவேளைகளில் வென்றுவிடுகின்றது. எண் ஒன்று கையிலிருந்தாற் பேச்சுக் குறையும்.

குளம் பெட்டியைப் போன்றதன்று. கட்டின் அருகே ஆழமாகவும், மேற்புறத்தில் வரவர ஆழங்குறைந்தும், தட்டைச் சாய்த்து வைத்தாற்போல இருக்கும். எனவே நீர்ப்பரப்பின் ஏக்கரை ஆழத்தாற் பெருக்கினால் உள்ளதிலும் பார்க்க இரண்டரை மடங்கு நீர் உள்ளதாகத் தோன்றும். எமது சிறுகுளங்களுக்கு நீர்ப்பாசனத் துறையினர் கையாளும் விதி, நீர்ப்பரப்பை ஆழத்தாற் பெருக்கி அதில் பத்தில் நாலு பங்கை எடுத்தல் என்பதாகும். ஆழத்தைத் துருசின் அடிப்படியிலிருந்து அளக்க வேண்டும். அதற்குக் கீழே கிடக்கும் நீர் வயலுக்கு வாராது.

நீர்ப்பரப்பு 20 ஏக்கரும் ஆழம் 8 அடியுமுள்ள குளத்தைக் கருதுக. பெட்டிக் கணக்குப் போடுவோர் 160 ஏக்கரடி என்பர். மெய்யான அளவு 64 ஏக்கரடியே. ஓர் ஏக்கர் நெல்லுக்கு உழவு முதல் கதிர் முற்றும்வரை 4 ஏக்கரடி செல்லுமென்று வைத்துக்கொண்டால், முன்னவர் 40 ஏக்கர் விதைக்கத் துணிவர். குளமோ 16 ஏக்கருக்கு மேல் தாங்காது. அதிலும் ஆவியாகிப் போவது வேறு. வரண்ட வலயத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைச் சதமமீற்றர் நீர் வெயிலாலும் காற்றாலும் போய்விடுகின்றது. 20 ஏக்கர்ப் பரப்பில் ஒரு மாதத்தில் அது 10 ஏக்கரடியை அண்மிக்கும். அதனைக் கழித்தால் 13 ஏக்கரே பாதுகாப்பான விதைப்பு. 4 ஏக்கரடி என்பது இங்கே உதாரணத்துக்காகக் கொண்ட எண். மணல் மிகுந்த வயலுக்கு அதனிலும் கூடும். களிமண் வயலுக்கும் குறுகிய கால நெல்லினங்களுக்கும் குறையும். சென்ற போகத்தில் உமது குளம் எத்தனை அடி இறங்கி எத்தனை ஏக்கர் விளைந்தது என்ற குறிப்பே இதற்குச் சிறந்த சான்று.

நீர் பாதியாக இறங்கியபோது என்ன எஞ்சும் என்பதைப் பலரும் பிழையாகவே எண்ணுகின்றனர். 8 அடி நீர் 4 அடியாகும்போது நீர்ப்பரப்பும் சுருங்கிவிடும். மேற்கூறிய குளத்தில் அது 7 ஏக்கராகச் சுருங்கியதென்க. 7 ஐ 4 ஆற் பெருக்கிப் பத்தில் நாலு பங்கு எடுத்தால் 11 ஏக்கரடி. முழுக்குளத்தில் ஆறில் ஒரு பங்கு மாத்திரமே! துருசடியில் நின்று பார்ப்பவருக்கு அரைக்குளம் நீர் நிற்பதாகத் தோன்றும். நீர்ப்பங்கீட்டுக்குப் பொறுப்பானவர் இதனை நன்கு மனத்திற் கொள்க. 4 அடிக்கு இறங்கிய பின்னர் எவரும் புதிதாக விதைக்க இடங்கொடுத்தல் கூடாது. நீர் குறைந்த ஆண்டுகளிற் குளத்தை அண்டிய வயல்களை மாத்திரம் யாவரும் பங்கிட்டுச் செய்யும் பெத்ம முறை, இத்தகைய கணக்கை அனுபவத்தாற் கண்டறிந்தோர் வகுத்த முறையேயாகும்.

நெற்குவியல்

களத்திற் கூம்பாகக் குவித்த நெல்லை அளப்பதற்குக் குவியலின் அடிச் சுற்றளவும் உயரமும் போதும். அடியில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, உயரத்தாற் பெருக்கி, 48 ஆல் வகுத்தால் நேரே புசல் கிடைக்கும். சுற்றளவு 30 அடி, உயரம் 3 அடி எனின், 30 ஐ 30 ஆற் பெருக்க 900. 3 ஆற் பெருக்க 2,700. 48 ஆல் வகுக்க 56 புசல். மீற்றரில் அளப்போர் 38 ஆல் வகுத்தாற் கனமீற்றர் கிடைக்கும். ஒரு கனமீற்றர் இருபத்தேழரைப் புசல். காய்ந்து தூற்றிய நெல் ஒரு புசல் ஏறக்குறைய 21 கிலோகிராம் நிறுக்கும் என்பது வழக்கிலுள்ள கணக்கு.

சுற்றளவு இருமுறை பெருக்கப்படுவதால் அதிற் பிழை நேர்ந்தால் விளைவும் இருமடங்காகும். 30 அடியை 29 அடியென்று அளந்தால் மூன்றரைப் புசலுக்கு மேல் மறைந்துபோகும். தும்புக்கயிறு இழுக்க நீளும். ஆதலின் அளவுநாடாவே நன்று. குவியலின் அடியிற் சிதறிக் கிடக்கும் மெல்லிய படையைக் கூட்டித் தள்ளிய பின்னரே நாடாவைச் சுற்றுக. உயரத்துக்கு நேரான மெல்லிய கம்பியொன்றைக் குவியலின் உச்சியிலிருந்து செங்குத்தாக நிலத்தைத் தொடும்வரை குத்தி, நெல் தொட்ட இடத்தைக் குறித்துக்கொள்க. சாய்வான பக்கத்தின்மேல் நாடாவை வைத்து அளப்பது உயரமாகாது. அது நெல்லைக் கூட்டிக் காட்டும்.

சுவரோரமாகக் குவித்த நெல் அரைக்கூம்பு. அதன் வளைந்த அடியை அளந்து இருமடங்காக்கி, முழுக்கூம்பாகக் கணித்து, விடையிற் பாதியை எடுக்க. மூலையிற் குவித்ததாயின் நான்மடங்காக்கிக் கணித்து, விடையிற் காற்பங்கை எடுக்க.

குவியலை மொத்தமாக விலைபேச வரும் வியாபாரியிடம் இக்கணக்கு மிகவும் பயன்படும். கையிற் தராசில்லாத இடத்தில் அவர் சொல்வதே அளவாக முடிவதுண்டு. எனினும் கொள்ளளவு ஒன்றாக இருக்க நிறை வேறுபடலாம் என்பதையும் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். ஈரமான நெல்லும் பதர் கலந்த நெல்லும் காய்ந்த நெல்லைப் போல நிறுக்கமாட்டா. சரியான 20 இலீற்றர் அளவுள்ள கலமொன்றில் நெல்லை மெதுவாகச் சொரிந்து, மேலே தடியால் வழித்து நிறுத்துப் பார்க்க. ஏறக்குறைய பதினொன்றரைக் கிலோகிராம் நின்றால் மேற்கூறிய புசற் கணக்குப் பொருந்தும். பெரிதும் வேறுபட்டால், அக்கலத்தில் நின்ற நிறையை 50 ஆற் பெருக்கி, ஒரு கனமீற்றரின் நிறையைப் புதிதாகக் காண்க. கலத்தைத் தட்டியும் குலுக்கியும் நிரப்பினால் நெல் இறுகி மேலும் கொள்ளும். அளவுக்காரர் விற்கும்போது ஒரு வகையாகவும் வாங்கும்போது வேறு வகையாகவும் நிரப்புவது புதிய வழக்கமன்று.

எருவும் மருந்தும்

மாட்டெருவை உழவு இயந்திரப் பெட்டியால் விலைக்கு வாங்குவோர் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கனவடி காண்க. நூறு கனவடி ஒரு கியூப். 8 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பெட்டி 48 கனவடி, அதாவது அரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைவு. எருவின் நிறை அதன் ஈரத்தைப் பொறுத்து மிகவும் வேறுபடுவதால், ஒரு வாளியை நிறுத்துப் பார்த்தே கணக்கிட வேண்டும். சதுரமீற்றருக்கு ஒரு கிலோகிராம் இடுவதாயின் ஒரு பரப்புக்கு 253 கிலோகிராம் செல்லும். வெட்டிய குழியிற் கூட்டெரு உக்கும்போது கொள்ளளவு பெரிதும் தாழ்ந்துவிடும். நிரப்பிய அளவையே எருவின் அளவென எண்ணற்க.

எரிபொருளோ நீரோ உள்ள பீப்பாயைக் கிடையாக வைத்திருப்போர் குச்சி விட்டுப் பார்க்கும்போது ஒன்றை நினைவிற் கொள்க. அரைவாசி உயரம் அரைப் பீப்பாயே. காற்பங்கு உயரமோ காற்பீப்பாயன்று. 200 இலீற்றர்ப் பீப்பாயில் அது 50 அன்றி 39 இலீற்றரே.

முதுகிற் சுமக்கும் தெளிகருவியின் தொட்டி மேலுங் கீழும் ஒரே அகலமுடையதன்று. ஆகவே பாதி உயரத்தைப் பாதி நீரென்று கொண்டு மருந்து கலந்தாற் கலவை பிழைக்கும். மிகுந்தாற் பயிர் கருகும், குறைந்தாற் பூச்சி பிழைக்கும். ஓர் இலீற்றர்ப் போத்தலால் நீரை ஊற்றி, ஒவ்வோர் இலீற்றருக்கும் தொட்டியின் வெளிப்புறத்தே அழியாத வர்ணத்தாற் கோடிட்டுவைக்க. பின்னர் மருந்தில்லாத வெறும் நீரை நிரப்பி, வழக்கமான நடையிலேயே ஒரு பரப்புக்குத் தெளித்து, எத்தனை கோடு இறங்கியதெனப் பார்க்க. அதுவே உமது கைக்கும் உமது கருவிக்கும் உரிய அளவு. வேறொருவர் அக்கருவியை எடுத்துத் தெளிப்பதாயின் அவருடைய நடைக்கு மீண்டும் அளத்தல் வேண்டும்.